வண்டிக்கு ஒரு குட்டை ஸ்டாண்டு

என் கால் எட்டவேண்டும் என்பதற்காக மெக்கானிக் என் பைக்கின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தாழ்த்திக் கொடுத்தார். ரயில்வே கேட்டில் இரண்டு பாதங்களையும் முழுசாகத் தரையில் ஊன்றி நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டிய வண்டி நட்டுக்குத்தலாக நின்றது. பிறகு மெல்ல வலப்பக்கம் சரிந்து, முருங்கை மரத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார் பார்த்துவிட்டாள். என்னைவிட ஒரு முழம் உயரமானவள்.

"மைனி, உங்களுக்காக வண்டியக் குறைச்சாச்சு. இப்போ வண்டிக்காக ஸ்டாண்டையும் குறைக்கணுமா?"

"சிரிக்காத. கூட வா, போய்த் தேடுவோம்."

வண்டியை எங்கேயும் நிறுத்த முடியாது. அதனால் நான் உட்கார்ந்தபடி பிடித்துக்கொள்ள, அவள் கடைக்குள் போய்க் கேட்டாள். முதல் கடையில் இந்த மாடலுக்கு இந்த நீளம்தான் வரும் என்றார்கள். அடுத்த கடைக்காரர் ஏதோ கேட்க, அவள் உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்.

"மைனி, எவ்வளவு குட்டை?"

தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நான் வாயைப் பொத்திச் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

கடைசியில் ராஜபாளையம் ரோட்டில் பழைய பைக் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி குவியலிலிருந்து ஒரு ஸ்டாண்டை உருவி மாட்டினார். வண்டி ஒரேயடியாகச் சாய்ந்தது.

"அண்ணாச்சி, இது படுத்துத் தூங்குது" என்றாள் அவள்.

"இருங்கம்மா, எழுப்புவோம்."

இன்னொன்றில் போல்ட் ஓட்டை பொருந்தவில்லை. அதற்கடுத்தது எந்த வண்டியுடையது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அளவெடுத்துச் செய்தாற்போல உட்கார்ந்தது. ஹேண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"நிக்கும். பயப்படாம இறங்கிப் போங்க."

இறங்கினேன். கொஞ்ச தூரம் நடந்து, சட்டென்று திரும்பிப் பார்த்தேன். வண்டி அப்படியே நின்றது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அண்ணாச்சி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதன்பிறகு நேராக வீட்டுக்குப் போக மனசே வரவில்லை. பூக்கடை முன்னால் நிறுத்தினோம், பூ வாங்கவில்லை. ஜூஸ் கடையில் நிறுத்தினோம். பேங்க் வாசலில் நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்துவிட்டு ஏறினோம்.

"அடுத்து நான் நிறுத்துதேன் மைனி" என்று அவள் ஓட்ட உட்கார்ந்தாள். தாழ்ந்த வண்டியில் அவள் முழங்கால் இரண்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றன. நான் பின்னால் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்படியே சிவகிரி ரோட்டில் போய், மலை தெரிகிற இடத்தில் நிறுத்தினாள்.

அப்போது என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"எங்கன இருக்கீங்க? என்ன செய்துட்டு இருக்கீங்க?"

"வண்டிய நிறுத்திக்கிட்டு இருக்கோம்."

"காலையிலேர்ந்தா?"

பொத்துக்கொண்டு வந்த சிரிப்போடு போனை அவளிடம் நீட்டினேன். அவளும் வண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.