எதிரில் உட்கார்ந்தவர்

எங்கள் தோட்டத்து ஸ்டாஃப் கிளப்பில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் காய் நகர்த்தும் டாம் பலகை இரண்டு பேருக்கு மட்டும். மூன்றாவது ஆள் வந்தால் பக்கத்தில் நின்று யோசனை சொல்லலாம். அதை யாரும் விரும்புவதில்லை. லூடோ நாலு பேருக்கானது. இரண்டு பேர் ஆடினால் விருந்தினர் வராத கல்யாணம் போல இருக்கும். கரம் போர்ட் ஒன்றுதான் இரண்டுக்கும் ஒத்துவரும். இரண்டு பேர் ஆடும்போது எதிரில் இருப்பவர் எதிராளி. நாலு பேர் ஆடும்போது அதே இடத்தில் இருப்பவர் கூட்டாளி. எதிராளிகள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். முப்பது வருடம் ஆடியும் இதை வெறும் ஆட்ட விதி என்றே நினைத்திருந்தேன்.

கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். எந்தக் கடிதம் எத்தனை பிரதியில் போகவேண்டும், எந்த லீவுக்கு யார் ஒப்பம் வேண்டும் என்பதையெல்லாம் துரைமார் என்னிடம் கேட்டுத்தான் கையெழுத்து வைத்தார்கள். ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸை உரிய தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஒப்படைத்தேன். சாவி கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொண்டு, கீழே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த சிறு வீட்டுக்கு இறங்கினேன். மனைவி அதற்கு முந்தின வருடமே இறந்துபோனாள். மகள் கொழும்பில் இருக்கிறாள். ஒரு நாளில் எனக்கென்று மிச்சம் இருந்தது பின்னேரம் நாலரை மணிதான். அப்போது கிளப்புக்கு ஏறிப்போய் டீமேக்கரோடு கரம் ஆடுவேன்.

டீமேக்கர் என்றால் தேயிலை ஃபேக்டரிக்குப் பொறுப்பானவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார். ஆடும்போது வாய் ஓயாது.

"என்னண்ணே, அந்தக் காய அப்படி பாக்குறீங்க? அதுக்கு மெமோ குடுக்கப் போறீங்களா?"

"நீங்க பேசாம இருந்தா அது தானா குழிக்குள்ள போயிரும்."

"தானா போற காய அடிக்கத்தான் நீங்க பெரிய கிளாக்கரா இருந்தீங்க."

இப்படித்தான் ஐந்து வருடம் ஓடியது.

கிளப்பில் நான் இருந்தது விருந்தினராகத்தான். ஏழாம் விதி தெளிவாக இருக்கிறது. ஓய்வு பெற்றவரை ஓர் உறுப்பினர் புத்தகத்தில் கையெழுத்திட்டு அழைக்கவேண்டும். நாலு உறுப்பினர்கள் ஆட இருந்தால் விருந்தினர் பலகையை விட்டு எழுந்துவிடவேண்டும். அதை எழுதியவன் நானே. அந்தக் காலத்தில் ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பர் ஒருவர் தினமும் வருவார். ஒரு காயை அடிப்பதற்கு ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பார். நேரில் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை, விதியாகச் சொன்னோம். பிரேரித்தது நான், ஆமோதித்தது டீமேக்கர். ஸ்டோர் கீப்பர் பிறகு வரவில்லை. வாசகம் நன்றாக அமைந்திருக்கிறது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

போன வருடம் பெரிய துரைக்கு உதவியாகப் புதிய சின்னத்துரை வந்தார். குருவிட்ட பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவார், பழக்கத்தில் குறை சொல்ல முடியாது. கரம் பைத்தியம். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயாவையும் இழுத்து வந்தார். நாங்கள் நாலு பேரானோம். டீமேக்கர் என் எதிரிலேயே இருந்தார். இத்தனை வருடம் என்னை அடித்தவர் இப்போது எனக்காக அடித்தார். நான் சிவப்பைப் போட்டால், அதை மூட அடுத்து எந்தக் காயை எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். நாலைந்து வாரம் எங்களை யாராலும் அசைக்க முடியவில்லை. அந்த வயதில் வெட்கப்படும் அளவுக்கு எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அதே நாட்களில் டீமேக்கருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் நீடிப்புக் கேட்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து மூன்று தேநீர் குடித்தார். கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். பெரிய துரைக்கு மூலப் பிரதி, சின்னத்துரையிடம் வாங்கவேண்டிய சிபாரிசு இணைப்பில்.

அடுத்த கிழமை நான் போனபோது டீமேக்கர் சின்னத்துரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு மட்டுந்தாண்ணே. சின்னத்துரை சேருக்கு நம்ம ஆட்டம் கொஞ்சம் பழகட்டும்."

நான் கண்டாக்கு ஐயாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் நல்ல மனிதர்; காயை மரம் வெட்டுவது போல அடிப்பார். இன்னைக்கு மட்டும் என்பது இரண்டு மாதம் நீடித்தது. கோபப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சிபாரிசு வேண்டியவன் எங்கே உட்காருவான் என்பது அலுவலகத்தில் வேலை செய்த எனக்குத் தெரியாததா? கடிதம் திரும்பி வந்ததும் அவரும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார் என்று கணித்தேன்.

பிறகு தோட்டத்து மருந்தகத்துக்கு வந்த புதிய டிஸ்பென்சர் கிளப்பில் சேர்ந்தார். கரம் ஆடும் உறுப்பினர் நாலு பேர் ஆகிவிட்டார்கள். ஒரு நாள் வாசலில் கிளப் காவலாளி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் காலத்தில் நான் சேர்த்த ஆள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு உங்களுக்கு யாரும் ஒப்பம் வைக்கலீங்க."

"டீமேக்கர் ஐயா உள்ள இருக்காரா?"

"இருக்காருங்க. கேட்டேன். அப்புறமா பாக்கலாம்னாரு."

உள்ளேயிருந்து காய்கள் உரசும் சத்தம் கேட்டது. டீமேக்கரே வெளியே வந்தார். பவுடர் பட்ட விரல்களைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, நாலு பேரு ஆயிட்டோம். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும் நீங்க. உங்களுக்கே சங்கடமா இருக்கும்ல."

"சங்கடத்த நான் பாத்துக்கிறேன். நீங்க ஒப்பத்த வைங்க."

"ரூல் நீங்க எழுதினதுதானேண்ணே."

 விதி அப்படிச் சொல்லவில்லை, விருந்தினர் பலகையை விட்டுத்தான் எழ வேண்டும், அறையை விட்டல்ல என்று வாதாடியிருக்கலாம். வாசலில் நின்றுகொண்டு உட்பிரிவு பேசுவதற்கு மனம் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

மூன்று மாதம் நான் கிளப் பக்கம் போகவில்லை. மகள் என் கைபேசியில் லூடோ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேராக ஆடலாம், நாலு பேராகவும் ஆடலாம், ஆளில்லாவிட்டால் இயந்திரமே எல்லோருக்காகவும் ஆடும். இயந்திரம் எனக்கு அடிக்கடி ஆறு போட்டது. எனக்குப் பரிதாபம் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்ததும் அழித்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கஹவத்தைச் சந்தைக்குப் போயிருந்தபோது சின்னத்துரை ஜீப்பை நிறுத்தினார்.

"அங்கிள், கை இப்ப எப்படி?"

"எந்தக் கை?"

"நடுங்குதுன்னு டீமேக்கர் சொன்னாரே. ஸ்ட்ரைக்கரப் பிடிக்க ஏலாது, ஆட வரச் சொன்னா அங்கிளுக்கு வெக்கமா இருக்கும், கூப்பிடாதீங்கன்னு சொன்னார். எனக்கும் கவலையா இருந்திச்சு."

மரக்கறிப் பையை நான் அந்தக் கையில்தான் பிடித்திருந்தேன். இரண்டு கிலோ மரவள்ளிக்கிழங்கு. ஆடாமல் அசையாமல் இருந்தது. சின்னத்துரை அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. நாளைக்கு வாங்க. டிஸ்பென்சர் லீவு. நான் ஒப்பம் வைக்கிறேன்."

விதியைக் காட்டி என்னை வெளியே அனுப்பியதைத் தாங்கிக்கொண்டேன். விதி என்னுடையது, ஆமோதிப்பு அவருடையது, கணக்கு நேராகிவிட்டது. ஆனால் என் உடம்பைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லி, அதை என்மேல் உள்ள அக்கறையாக வேறு காட்டியிருக்கிறார். சின்னத்துரைக்கு எதிரில் இருந்த இடம் கைவிட்டுப் போகாதிருக்க என்னை விலக்க வேண்டியிருந்தது அவருக்கு; அதற்காக என்னை நோயாளியாக்கினார். நாலு பேருக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் கேட்பதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்: என் கை எப்போது நடுங்கியது, எந்தத் தேதியில், எந்த ஆட்டத்தில்?

மறுநாள் போனேன். சின்னத்துரை என்னைத் தனக்கு எதிரே உட்காரச் சொன்னார். டீமேக்கர் பக்கத்து இடத்துக்கு நகர்ந்து, கண்டாக்கு ஐயாவின் கூட்டாளியானார். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பொய்யைப் பற்றி நான் வாய் திறந்தால், சின்னத்துரையின் சிபாரிசை நம்பி இருந்த அவருடைய நீடிப்பு என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

முதலில் ஒரு காய், பிறகு கேள்வி என்று எண்ணினேன். வெள்ளைக் காய் ஒன்று குழியின் விளிம்பிலேயே நின்றது. பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்துக் குனிந்தேன். பக்கத்தில் அவருடைய மூச்சுக் கேட்டது. என் விரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கியது. ஆனால் அதைப் பார்ப்பவர்களுக்குக் காரணம் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே குழிக்குள் விழுந்தது.

கண்டாக்கு ஐயா குழிக்குள் கைவிட்டு ஸ்ட்ரைக்கரை எடுத்தார்.

"பரவால்லண்ணே, மெதுவா," என்றார் டீமேக்கர். பிறகு சின்னத்துரையைப் பார்த்து, தணிந்த குரலில், "நான் சொன்னேனே சேர்," என்றார்.

என்னிடம் இருந்த கேள்விக்கு இனிப் பயனில்லை. தேதியும் ஆட்டமும் இப்போது அவரிடம் இருந்தன. ஆட்டத்தை முடித்தேன், எங்கள் பக்கம் தோற்றது. சின்னத்துரை படி வரை வந்து என்னை வழியனுப்பினார். நாளைக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

டீமேக்கருக்கு ஒரு வருடம் நீடிப்புக் கிடைத்தது. இப்போதும் ஃபேக்டரி லொறியில் கீழே இறங்கும்போது என்னைக் கண்டால் கண்ணாடியை இறக்கி, "கை எப்படிண்ணே?" என்கிறார். ஆரம்பத்தில் அது நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே கவலைப்படுகிறவர் போல இருக்கிறது.