சிறந்த ஆட்டக்காரர் கோப்பை

ஊர் வரலாற்றுக்கு ஒரு தகவல் கேட்க நன்னிலத்தில் பழைய பண்ணையார் மகனைப் பார்க்கப் போனேன். அவருடைய சாய்வு நாற்காலிக்குக் கீழிருந்து வெற்றிலை எச்சில் நாற்றம் குமட்டியது. குனிந்து பார்த்தேன். இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை. ‘சிறந்த ஆட்டக்காரர்’ என்ற எழுத்து இன்னும் அழியவில்லை.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்து, பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு அப்பா மனு போட்டிருந்த தை மாதம் அது. நான் ஆறாம் வகுப்பு. கல்லூரிக் கால்பந்து இறுதிப் போட்டியில் அண்ணன் போட்ட மூன்று கோலையும் நிமிடத்தோடு நோட்டில் குறித்தேன். இந்தக் கோப்பையை வாங்குபவருக்கு மில் அணியில் வேலை நிச்சயம் என்று பேச்சு.

ஒலிபெருக்கி பண்ணையார் மகன் பெயரைச் சொன்னது. கோப்பையைக் கொடுத்ததே பண்ணையார்தான்.

“அவரு ஆடவே இல்லையேப்பா!”

“வாய மூடு. ஐயா பாக்குறாரு, கைதட்டு. நிலம் பதிவாகணும்ல?”

அண்ணன் சேற்றுக் காலோடு சிரித்தான். “நல்லாத் தட்டு பாப்பா. பெஞ்சுல எவ்வளவு நல்லா உக்காந்திருந்தாரு!”

அப்பா தட்டினார். நானும் தட்டினேன். நிலம் பதிவாகவில்லை. அண்ணனுக்கு மில் வேலையும் வரவில்லை. கடைசிவரை மூட்டைதான் தூக்கினான்.

“அண்ணன் நல்லா இருக்காங்களா?” என்றார் பண்ணையார் மகன், வாய் நிறைய வெற்றிலையோடு.

“செத்துட்டாங்க.”

“அடடா. அந்தக் கப்பைக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா.”

கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் கை நீட்டியபடி காத்திருந்தார். சிவப்பு எச்சில் அவருடைய வெள்ளை வேட்டியில் வழிந்தது.