பதினெட்டாம் கோடு

கயிற்றை இழுக்கும்போது கண்ணாடிக்காரர் வாயைப் பாதி திறந்து வைத்துக்கொள்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் காதில் சத்தம் சரியாக விழாது என்பது அவர் கட்சி. கயிறு கதவிடுக்கு வழியாகப் பின்னறைக்குள் போய், தரையில் பதித்த கப்பியில் திரும்பி, சுவரில் கிடையாக மாட்டிய ஒரு வில்லின் நாணைக் கீழே இழுக்கிறது. அவர் நிற்பது கூடத்தில், சுவருக்கு இந்தப் பக்கம். வில்லை நேராகப் பார்ப்பதில்லை. கதவோரம் சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடியில் அது வளைவதைப் பார்க்கிறார். முப்பது முறை இழுத்து, முப்பது முறை விட்டு, வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். "இன்னிக்கு இவ்ளோ போதும்."

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளாக இதே 'இவ்ளோ'தான்.

இவரைப் பயந்தாங்கொள்ளி என்று கடைத்தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். ஆள் உயரக் கண்ணாடியை மேசையில் கிடத்தி, வெட்டுச்சக்கரத்தை ஒரே ஓட்டாக ஓட்டி, விளிம்புக்கு நகர்த்தி ஒரு தட்டுத் தட்டுவார். வாங்க வந்தவர் கண்ணை இறுக மூடியிருப்பார். இவரோ பக்கத்துக் கடைக்காரரிடம் மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருப்பார். "கண்ணாடி நல்ல புள்ளைங்க. கோடு போட்ட எடத்துலதான் உடையும். மரம் அப்படி இல்ல. உள்ள என்ன நெனச்சுட்டு இருக்குன்னு வெளிய சொல்லாது."

எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. மேசை, கதவு, பேருந்தின் இருக்கை, ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலி. யார் வீட்டிலாவது டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பார். "அவங்க வீட்டுத் தண்ணி சுத்தமா இல்லன்னு இவர் சந்தேகப்படறதா நெனச்சுக்கறாங்க. எங்க போனாலும் என் மானம் போகுது" என்பது மனைவியின் புகார்.

மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. கடிதம் பிரிக்கும் பகுதி. ஞாயிறு காலை மைதானத்தின் பின்பக்கம் போய் அம்பெய்வது பத்து வருடப் பழக்கம். ஒரு நாள் பார்சல் மூட்டையைத் தூக்கும்போது வலத் தோள் தசை கிழிந்துவிட்டது. குணமாகி வந்தபின், பழைய வில் வேண்டாம், இலேசான வில்லாக எடுத்து மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார் மருத்துவர். கடையில் கிடைத்த இலேசான வில்லெல்லாம் குழந்தைகளுக்கானவை. மனைவியின் கை நீளத்துக்குப் போதவில்லை. "இதென்ன பெரிய விஷயம்? நான் செஞ்சு தரேன்" என்று கிளம்பினார் கண்ணாடிக்காரர்.

முதல் வில்லை மூன்றே வாரத்தில் செய்துவிட்டார். எண்ணெய் தேய்த்து மினுக்கி, மைதானத்துக்கே எடுத்துப் போய், நாலு பேர் பார்க்க மனைவியின் கையில் கொடுத்தார். "தைரியமா இழு. ஒண்ணும் ஆகாது."

காதோரத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முறிந்த துண்டு தெறித்து, மனைவியின் தாடைக்குக் கீழே நாலு தையல். இரண்டு விரல் மேலே பட்டிருந்தால் கண்.

மனைவி ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த அம்மாள் மைதானப் பக்கம் போகவில்லை. வில் முறிந்த மறுநாளே கடையில், பிழைப்பில் முதல்முறையாக, அவர் போட்ட கோட்டை விட்டு விலகி ஓடிற்று வெட்டு. அன்றிலிருந்து 'ஒண்ணும் ஆகாது' என்ற சொல்லே அவர் வாயில் வருவதில்லை. கண்ணாடி போகும் வழியில் உடைந்துவிடாதே என்று வாங்க வந்தவர் யாராவது கேட்டால், "பாத்து எடுத்துட்டுப் போங்க" என்று முடித்துக்கொள்கிறார்.

முதல் வில்லுக்கு மரம் வாங்கியபோது கூடவே வாங்கிய இரண்டாவது கட்டையைக் கையில் எடுக்க வைத்ததும் மனைவிதான். "அந்த இன்னொண்ணை அப்படியே போட்டு வைக்கப் போறீங்களா?" என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வில்லை மாட்டி இழுத்துப் பார்க்கச் சுவரில் துளை போட்டார்.

வேலை சொல்வதற்கு எளிது. வில்லின் வெளிப்பக்கத்தைத் தொடக்கூடாது. எய்பவரைப் பார்க்கும் உட்பக்கத்தை மட்டும் சுரண்டி மெலிதாக்க வேண்டும். இழுத்துப் பார்த்து, வளையாமல் விறைத்து நிற்கும் இடத்துக்குப் பென்சிலில் குறியிட்டு, அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். முப்பது முறை இழுத்துப் பழக்கிவிட்டு, சுவரில் அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்ட கோடுகளில் அடுத்ததற்கு இறங்க வேண்டும். மனைவியின் கைக்கு இருபத்தாறு கோடு தேவை. பதினெட்டில் நின்றுவிட்டார் இவர். கண்ணாடியில் பார்த்தால் வளைவு பிறைபோல அழகாக இருந்தது, குறையே இல்லை. இருந்தும் பத்தொன்பதுக்குக் கை வரவில்லை.

பத்தாவது ஞாயிறு, முற்பகல். மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக் கயிற்றை இழுத்தார். பதினெட்டாம் கோட்டில் நிறுத்திப் பிடித்து எண்ணத் தொடங்கியபோது, நிலைக்கண்ணாடிக்குள் ஒரு புடவை அசைந்தது. பின்னறையின் மறு கதவு வழியாக மனைவி உள்ளே வந்திருந்தார். தோளில் காய்ந்த துணி. வில்லுக்கும் அவர் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

கண்ணாடிக்காரருக்குக் கயிற்றை விட்டுவிடவும் வழியில்லை. சடாரென்று விட்டால் வில் துள்ளித் தெறிக்கும். பிடித்தே நிற்கலாமென்றால் கயிறு விரலை அறுத்தது.

"அங்க நிக்காத! வெளிய போ!"

"எதுக்குங்க கத்தறீங்க?"

"போன்னா போயேன்!"

மனைவி போகவில்லை. குனிந்து பார்த்தார். "இருங்க, விட்றாதீங்க. இந்த வலப்பக்கம் நடுவுல ஒரு சாணுக்கு அசையவே இல்லையே. கட்டை மாதிரி நிக்குது. அதுக்கு அந்தாண்டதான் எல்லா வளைவும் வாங்குது. உங்களுக்குத் தெரியலையா?"

"இங்க நல்லாத்தான் தெரியுது!"

"எங்க?"

அவர் மெதுவாகக் கயிற்றை இறக்கினார். பதினேழு. பதினாறு. உள்ளங்கை வியர்வையில் கயிறு ஒருமுறை வழுக்கியது. முழங்கையில் சுற்றிப் பிடித்தார். பத்து. ஐந்து. நாண் தளர்ந்தபின்தான் மூச்சை விட்டார்.

பிறகு நிலைக்கண்ணாடியின் முன் உட்கார்ந்து, ஓர் இரும்பு அளவுகோலை அதன் எதிரே நீட்டினார். உள்ளே தெரிந்த அளவுகோல் பாம்புபோல நெளிந்தது. முகம் கோணலாகத் தெரிகிறது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த கண்ணாடி அது. விற்கத் தகாது என்று கடையில் ஓரம் கட்டியவர் இவரேதான். உடைந்தாலும் போகட்டும் என்று இந்த வேலைக்கு அதையே கொண்டுவந்திருந்தார். இன்னும் ஒரு கோடு இறங்கியிருந்தால், விறைத்த சாணின் ஓரத்தில் வில் முறிந்திருக்கும்.

"ரெண்டு மாசமா இதுலதான் பாத்துட்டு இருந்தேன். நான்... இந்தத் தொழில்ல இருக்கறவன்" என்றார்.

மனைவி துணியைக் கட்டிலில் போட்டார். "கயித்த இந்த ரூமுக்கே கொண்டாங்க. நேரா நின்னு பாருங்க."

"சரி. நீ வெளிய இரு."

"அப்போ கோட்டை யார் படிக்கறது? உங்களுக்கு வில்லைப் பாக்கறதுக்கே ரெண்டு கண்ணு பத்தாது."

கடையிலிருந்து இரண்டு கண்காப்புக் கண்ணாடிகள் வந்தன. ஒன்றை மனைவிக்கு மாட்டி, பட்டையை இரண்டு முறை சரிபார்த்து, அவரைச் சுவர் மூலையில் நிறுத்தினார். புதிதாக ஒரு கண்ணாடித் துண்டை உடைத்து, அதன் விளிம்பால் அந்த ஒரு சாணைச் சுரண்டினார். மாவுபோல உதிர்ந்தது மரம். இழுத்தார். பார்த்தார். மறுபடி சுரண்டினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்தச் சாண் மெல்ல இணங்கியது.

"பத்தொம்போது" என்றார் மனைவி.

முப்பது முறை. இருபது. முப்பது முறை. இருபத்தொன்றில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு. இருபத்து மூன்றில் 'க்றக்' என்று ஒரு சத்தம்.

அவர் கண் வில்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஊர்ந்தது; எங்கும் கீறல் இல்லை. மனைவி எட்டிக் கையை நீட்டி, வில்லைத் தாங்கும் கட்டையைத் தொட்டார். "ஸ்க்ரூங்க. சுவத்துல ஆடுது."

கயிற்றை இறக்கிவிட்டு அவர் தரையில் அப்படியே குந்திவிட்டார். எழுந்தபோது திருப்புளியோடு எழுந்தார். ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

இருபத்தாறு வந்தபோது பிற்பகல் சாய்ந்திருந்தது. சுவரிலிருந்து வில்லை எடுத்து, எய்வதற்கான குட்டை நாணைக் கட்டினார். "நான் மொதல்ல." கயிறும் கப்பியும் இல்லாமல் முகத்துக்கு நேரே வில்லைப் பிடித்தார். முதல் இழுப்பு பாதியில் நின்றது. தோள் இறங்க மறுத்தது. இரண்டாவது முக்கால். மூன்றாவது முறை நாண் தாடையைத் தொட்டது. மெதுவாகத் திரும்பி வந்தது. இன்னும் பத்து முறை இழுத்தார்.

மனைவி கையை நீட்டினார். அவர் வில்லைக் கொடுத்தார். பிடியிலிருந்து விரலை எடுக்கத்தான் கொஞ்ச நேரமாயிற்று.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. இழுக்கணும்னு தோணுச்சுன்னா இழு."

"எனக்கும்தான்" என்றார் மனைவி. கால்களை அகட்டி நின்றார். பாதிவரை இழுத்து நிறுத்தி, வில்லைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார். பிறகு முழுவதும். நாண் தையல் தழும்பின் மேல் வந்து படிந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. கண்ணாடிக்காரர் பின்வாங்கவில்லை, பக்கத்திலேயே நின்றார். நாண் பதறாமல் திரும்பியது.

மனைவி தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். "நல்லா வருது. ஆனா கடைசில லேசாப் பிடிக்குது. இழுக்கற பளுவை இன்னும் ரெண்டு பவுண்டு கொறைச்சா நல்லா இருக்கும்."

உடையாமல் தப்பி வந்த வில். இன்னும் மெலிதாக்கு என்கிறார். அவர் நாணை அவிழ்த்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வில்லை மடியில் மல்லாத்தினார். பென்சிலைத் தேடவில்லை. கண்ணாடி விளிம்பைப் பிடியருகே வைத்து, நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தார். சுருண்டு வந்த சீவலை ஊதிவிட்டு, அடுத்த இழுப்புக்குக் கையைப் பிடியருகே கொண்டுபோனார்.