வலது காலில் கல்லீரல்

திருத்தணி மலையடிவாரத்தில் கால் அமுக்கிவிடும் சுலோச்சனா யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். மொத்த உடம்பும் பாதத்தில்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி. பெருவிரலில் தலை, வலது உள்ளங்காலில் கல்லீரல்.

ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு மொட்டைத்தலை வந்து உட்கார்ந்து காலை நீட்டியது. கல்லீரலை அமுக்கினாள். ஆசாமி குபுக்கென்று சிரித்துவிட்டான். மறுபடி அமுக்கினாள், நாற்காலியே குலுங்கியது. அந்த இடத்தில் இப்படிச் சிரிக்க உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. நிமிர்ந்தாள். முடியும் இல்லை, மீசையும் இல்லை, சந்தனம் பூசிய மண்டையோடு அவள் புருஷன் பச்சையப்பன்!

“யோவ், அரக்கோணம் போறேன்னுதானே கெளம்பின?”

“உன் கடைக்குக் கூட்டம் வரணும்னு வேண்டிகினு இருந்தேன். வந்துகினுதானே இருக்குது?”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கால் பெருவிரலை இறுக்கிப் பிடித்தாள்.

“ஆடாம இரு. தலை இங்கதான் இருக்குது. அமுக்கினா முடி சீக்கிரம் வளரும்!”