சொல்லி வைத்த உரசல்

என் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் வீட்டில் இருக்க மாட்டார் என்றால் மாடி வீட்டில் சொல்லி வைப்பார், எதிர்க் கடைக்காரரிடம் சொல்லி வைப்பார், பேப்பர் போடுகிறவரையும் நிறுத்திச் சொல்லி வைப்பார். அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சாவி பார்த்துக்கொள்ளும் வேலை. காலை ஐந்தரைக்குப் போய் நாற்பத்து மூன்று அறைகளையும் திறப்பார். விளக்குகளைப் போட்டுப் பார்ப்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். பகல் ஒன்று அடித்ததும் அடுத்த ஆளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, "எட்டாம் நம்பர் ரூம் பூட்டு லேசா பிடிக்குது, மெதுவா திருப்பு. சொல்லி வைக்கிறேன்" என்பார்.

அந்த ஆள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "அண்ணே, நீங்க செத்தாக்கூட முதல் நாளே வந்து சொல்லி வச்சுட்டுத்தான் போவீங்க" என்றாராம்.

"பின்னே, சாவியை யார்கிட்ட கொடுக்கிறது?" என்று அண்ணன் கேட்டாராம்.

இந்தப் பழக்கம்தான் போன வருஷம் எங்களைப் படுத்தி எடுத்தது.

அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பிற்பகலில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகி, உடம்புக்குத் திரும்பும். போகும்போது பேசிக்கொண்டே போகிறவர், வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார். அதற்காகத்தான் அண்ணன் ஒரு சின்னக் கார் வாங்கினார். மூன்று கை மாறிய வண்டி. பின்பக்கம் இடது கண்ணாடி இறங்காது. அண்ணன் முப்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், வண்டிக்கு என்னவோ ஏதோ என்று.

ஒருநாள், ஆஸ்பத்திரி வாசலில் திருப்பும்போது காரின் கதவு கேட் தூணில் உரசிவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு கோடு. தூணுக்கு ஒன்றும் இல்லை, ஆளுக்கும் ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"பணம் எதுவும் வேண்டாங்க. பெயிண்ட் நானே வச்சுக்கிறேன். வண்டிக்குப் பொறுப்பு நீங்க, அதனால ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னுதான்."

அந்தப் பக்கம் நன்றி சொல்லி வைத்தார்கள். "நல்ல மனுஷங்க" என்று அண்ணனும் போனை வைத்தார்.

அடுத்த வருஷத்துக்கான கடிதம் வந்தபோது தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. பழைய இன்சூரன்ஸ் முடிய இரண்டு வாரம்தான். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. போலீஸ் பிடித்தால் வண்டியையே கொண்டுபோய்விடுவார்கள். அந்த இன்சூரன்ஸ் ஒரு வியாழக்கிழமையோடு முடிகிறது. மறுநாள் வெள்ளி, அண்ணிக்கு ஆஸ்பத்திரி.

அண்ணன் போன் செய்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"சார், உங்க பேர்ல ஒரு சம்பவம் பதிவாகியிருக்கு" என்றது ஒரு பெண் குரல்.

"சம்பவமா? என்னம்மா சம்பவம்?"

"கேட்ல மோதினது சார்."

"மோதலைம்மா, உரசிச்சு. நான் உங்ககிட்ட ஒத்தப் பைசா கேக்கலையே."

"கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லியிருக்கீங்க இல்ல சார். சொன்னா பதிவாயிடும்."

"சொல்லாம இருந்திருந்தா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "அதை நான் சொல்லக் கூடாது சார்" என்றாள். பாவம், அவளும் யாரிடமோ சம்பளம் வாங்குகிறவள்தானே.

அண்ணன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அண்ணி உள்ளே படுத்திருந்தபடியே, "என்னங்க, இனிமே எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க. ரேட்டை ஏத்திடுவாங்க" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் மூன்று பேரில் ஒருவரும் சிரித்து முடிக்கவில்லை.

சனிக்கிழமை நானும் அண்ணனும் ஏஜெண்டுகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். முதல் இடத்தில் விலையைக் கேட்டதுமே எழுந்துவிட்டோம். இரண்டாவது இடம் பூட்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் ஓர் இளைஞர், நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, படபடவென்று கம்ப்யூட்டரில் தட்டினார். அவர் சொன்ன தொகை எங்களுக்குக் கட்டுபடியாகக்கூடியதாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி, பெரியவரே. அஞ்சு வருஷத்துல ஏதாவது இடி, உரசல், பணம் வாங்கினாலும் வாங்காட்டியும். இல்லைன்னு போட்டுடறேன்."

"இருக்கேப்பா. கேட்ல உரசிச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும், நான்தான் சொன்னேன்."

இளைஞர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இது வேற கம்பெனி. இல்லைன்னு போட்டா இந்த ரேட். ஆமான்னு போட்டா பழைய கம்பெனி சொன்ன அதே ரேட். நாளைக்கு ஏதாவது ஆனா நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நான் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தேன். "அண்ணா, விரல் நீளக் கோடு. அதுக்குப் போய் யோசிக்கிறீங்களே. அண்ணியை நினைச்சுப் பாருங்க. கடவுள் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்."

"கடவுள் கோவிச்சுக்க மாட்டார்மா. கம்பெனி கோவிச்சுக்கும்" என்றார் அண்ணன். "நாளைக்கு நான் யார் மேலயாவது ஏத்திட்டேன்னு வை. அப்ப இந்தக் கோட்டைத் தோண்டி எடுத்து, நீ பொய் சொன்னவன், உனக்குப் பணம் கிடையாதும்பாங்க. அடிபட்டவன் குடும்பத்துக்கு நான் எதைக் கொடுப்பேன்? சாவிக்கொத்தையா?"

எழுந்து வெளியே வந்துவிட்டார். தெருவில் நான் அவரோடு பேசவில்லை. எனக்கு அத்தனை கோபம். அன்று சாயங்காலம் கும்பிட உட்கார்ந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. காலையில் பொய் சொல்லச் சொன்ன வாய். அதே வாயால், அண்ணியைக் காப்பாற்று என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை அண்ணி ஒரு முடிவோடு இருந்தார். "நீங்க ஏஜெண்டுகளைப் பாருங்க. நானும் நாத்தனாரும் இன்னைக்கு பஸ்ல போய்ப் பார்க்கிறோம். எல்லாரும் பஸ்லதான் போறாங்க" என்றார். அண்ணனுக்கு மனசில்லை. ஆனால் நாள் குறைவாக இருந்தது.

போகும்போது பரவாயில்லை. இரண்டு பஸ். எனக்கு நிற்க இடம், அண்ணிக்கு உட்கார இடம். திரும்பும்போது முதல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஊசி போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார், அழுக்குப் பட்டுவிடக் கூடாது என்று. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். ஒருவர் மட்டும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, தன் பஸ் வந்ததும் அதை வாங்காமலே ஏறிப் போனார். அவருக்கு நல்லது நடக்கட்டும்.

இரண்டாவது பஸ்ஸுக்கு நின்றபோது மூன்று பஸ்ஸைப் போக விட்டோம். நான்காவதில் ஏறினோம்.

"அவர்கிட்ட சொல்லாதே" என்றார் அண்ணி. "பஸ் நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. அண்ணியின் செருப்பைப் பார்த்தே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து அதை எடுத்து, குழாயடியில் உட்கார்ந்து நெடுநேரம் கழுவினார்.

அன்று அவர் பார்த்துவிட்டு வந்த இடம் ஒரு ஸ்டேஷனரிக் கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், ஓரத்தில் ஒரு மேஜை போட்டு இன்சூரன்ஸ். கடைக்கார அம்மாவிடம் உரசலை முதலிலேயே சொல்லிவிட்டாராம். அந்த அம்மா அதை எழுதிக்கொண்டு, வேறொரு கேள்வி கேட்டாராம்.

"வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறதாம். வருஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். தொடங்கும்போது மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், முடியும்போது மறுபடியும். அதற்குமேல் ஓடினால் இன்சூரன்ஸ் செல்லாது. உரசலை எழுதியும்கூட, எங்கள் கைக்கு எட்டுகிற விலை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் சமையலறை மேஜையில் ஒரு தாளோடு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் பதினொரு கிலோமீட்டர். போக வர இருபத்திரண்டு. வாரத்துக்கு மூன்று தடவை. ஐம்பத்திரண்டு வாரம். மூவாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு. இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார். அறுபத்தெட்டு மிச்சம்.

"அதை வச்சு வண்டியை ரிப்பேர்க் கடைக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வரலாம். மத்தபடி எங்கயும் கிடையாது. கடைக்கு நடை, உன் தங்கச்சி வீட்டுக்கு நடை" என்றார்.

அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். விரலை ஐம்பத்திரண்டின் மேல் வைத்தார்.

"வருஷம் பூரா போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஆறு மாசத்துக்குப் போட முடியாதா? அதுக்கு மேல வண்டி தேவைப்படுதோ என்னவோ."

அண்ணன் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஆறு மாசத்துக்கெல்லாம் அங்க தர மாட்டாங்க" என்றார். என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வியாழக்கிழமை நான் கூடப் போனபோது, "ஆறு மாசமாவும் போடலாம், கையைக் கடிக்காது" என்று அந்தக் கடைக்கார அம்மாவே சொன்னார். "வருஷத்துக்கே போடுங்க" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை அண்ணி இன்னொன்றும் கேட்டார். "அப்ப டீச்சரம்மா?"

டீச்சரம்மா என்பது அண்ணிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர். ரிட்டயர்டு டீச்சர், தனி ஆள். முடிந்ததும் நாங்கள்தான் அவரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவோம். அதற்கு ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோமீட்டர் கூடுதல். அண்ணன் மறுபடி தாளை எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போனோம். மீட்டரைப் போட்டோ எடுத்தாகிவிட்டது. வண்டி ஓடுகிறது, அண்ணி முன் சீட்டில் இருக்கிறார், கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நாள். நன்றி சொன்னேன். ஆனால் மனம் முழுதாகச் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தபோது டீச்சரம்மா வழக்கம்போலப் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். அண்ணன் வண்டியை எடுக்காமல் திரும்பினார்.

"டீச்சரம்மா, இனிமே என்னால உங்க வீட்டுக்கு வர முடியாது" என்று ஆரம்பித்து, கேட் தூண், போன், கிலோமீட்டர், அறுபத்தெட்டு என்று ஒன்று விடாமல் சொன்னார். டீச்சரம்மா முழுவதும் கேட்டார்.

"பெருக்கல் சரியா இருக்கா தம்பி?"

"ரெண்டு தடவை போட்டேம்மா."

"அப்ப சரி. பஸ் இருக்கே" என்று பையை எடுத்தார். இறங்கக் கையை ஊன்றியவருக்கு எழ முடியவில்லை.

"உக்காருங்க" என்றார் அண்ணி. "பஸ் வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க. நிக்கிற வண்டிக்கு மீட்டர் ஓடாது."

பஸ் நிறுத்தம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது. அண்ணன் வண்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அண்ணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். கண் சொருகியது, ஆனாலும் போகலாம் என்று சொல்லவில்லை. பஸ் வந்ததும் நானும் அண்ணனும் டீச்சரம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் சாவியைத் திருப்பவில்லை.

"மழை நாள்ல என்ன செய்வாங்க?" என்று அண்ணி கேட்டார்.

"அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார் அண்ணன்.