பாரூக் பாய் வண்டிகளுக்குக் கட்டிய வீடு

என்னிடம் பிளான் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது பூஜை அறை எந்தப் பக்கம், சமையலறை எந்த மூலை என்றுதான். முகமது பாரூக் பாய் வந்து உட்கார்ந்ததும் கேட்டது வேறு.

"ராயப்பா, மேக்கு வெயிலு பெயிண்டுல படாம அஞ்சு வண்டி நிக்கணும். நடுவுல தூணு வரக்கூடாது. முடியுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. திண்டுக்கல்லில் இருபத்தைந்து வருடமாகக் கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் நான். காற்றே வராத அறையில் நான்கு பேர் படுத்துக்கொள்ளும் வீடுகளுக்குத்தான் அதிகம் பிளான் போட்டிருக்கிறேன். "வண்டிகளுக்கு ஏசியும் வச்சிரலாமா பாய்?" என்று கேட்டேன். அவர் கேலியைக் கவனிக்கவில்லை. "வேணாம்ப்பா, ஈரம் கோத்து துருப்பிடிச்சிரும். காத்து போயி வந்தா போதும்" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் அவர். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தார். வியாபாரம் நடந்த காலத்தில் அவர் வீட்டு முன்பகுதி முழுக்கத் தோல் கிடங்கு. உப்புப் போட்ட தோல் அடுக்கடுக்காகக் கிடக்கும். வாங்குகிறவன், விற்கிறவன், தரகன், சுமைகூலி என்று நாள் முழுக்க ஆள் நடமாட்டம். மண்டியைக் கைமாற்றிவிட்ட பிறகு ஒருவரும் வருவதில்லை. காலியாகக் கிடந்த கிடங்கைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதில் ஒரு பழைய அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அதன் பிறகு மோரிஸ் மைனர். அதன் பிறகு ஒரு வில்லிஸ் ஜீப். நெய்க்காரப்பட்டியில் ஒரு தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். கோழியையும் சேர்த்து வாங்கிவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். கோழியை அவர்கள் தரவில்லை. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து வண்டியை மட்டும் எடுத்துவந்தார்.

பழுது பார்க்க மெக்கானிக் சோலைமுத்து தினமும் வந்தார். வேடிக்கை பார்க்க நான்கு பேர் வந்தார்கள். கிடங்கில் மறுபடியும் ஆள் சத்தம் கேட்டது. பாய்க்கு அது போதுமாயிருந்தது.

ஐந்தாவதாக வந்த பச்சை ஃபியட்டுக்குத்தான் இடமில்லை. வீட்டை ஒட்டி முடுக்கு என்று ஒரு குறுகலான சந்து உண்டு, வீட்டுக்குச் சொந்தமானது. ஒரு வாரத்துக்கு அங்கே நிற்கட்டும் என்றார். அகலம் பற்றவில்லை. உள்ளே போனால் கதவைத் திறக்க முடியாது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்த ஒரு வாரம் ஏழு வருடமாகிவிட்டது.

அந்த முடுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேகம்பூரின் பழைய வீடுகள் சிலவற்றில் ஆண்கள் புழங்குவது முன்வாசல், பெண்கள் புழங்குவது பக்கவாட்டு முடுக்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்னால் இருக்கும் ஆண்களைத் தாண்டாமல் முடுக்கு வழியாக நேரே உள்கட்டுக்கு வந்துவிடுவார்கள். குழம்புக் கிண்ணம், வெஞ்சனக் கிண்ணம் வரும், போகும். குர்ஆனில் யாசீன் ஓத உட்காருவார்கள். ஓதி முடித்ததும் எழுந்து போகமாட்டார்கள். இது எழுதிவைத்த சட்டமில்லை, பழக்கம். ஃபியட் நின்ற நாளிலிருந்து அந்த வழி அடைபட்டது. முன்வாசலில் பாயும் சோலைமுத்துவும் வேடிக்கை பார்க்கிறவர்களும் இருந்தார்கள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மறு வருடம் அவர் மனைவி குர்ஷித் பேகம், மகள் ஷாஹினாவின் பிரசவத்துக்குச் சென்னைக்குப் போனார். "நாப்பது நாளு கழியட்டும், வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாற்பது கழிந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது. பெருநாளைக்கு வருவார், நாலாம் நாள் கிளம்பிவிடுவார். சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. ஒருமுறை போனில் பாய் வற்புறுத்திக் கேட்டபோது, "மொதல்ல ஒங்க வண்டியெல்லாம் வீட்ட விட்டு வெளிய போகட்டும், நான் வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். பாய் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும், "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா" என்று சேர்த்துக்கொண்டார்.

அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. உள்ளறையில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பாக்குறது இல்லப்பா, சத்தத்துக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை. செய்ய மனம் வரவில்லை.

குஜிலியம்பாறை ரோட்டில், ஊர் முடிந்து வெகுதூரம் தள்ளி, ஒரு மேட்டுக்காடு வாங்கியிருந்தார். காகிதத்தில் நான் வரைந்ததை அவரால் நம்ப முடியவில்லை. சுண்ணாம்புப் பொடி வாங்கிவரச் சொல்லி, ஐந்து வண்டிகளையும் தரையில் அசல் அளவில் கோடு போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்து, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத கதவைச் சாத்திவிட்டு வந்தார். கொத்தனார்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீகப்பா. இங்கன உக்காந்து கதவத் தெறந்தா அம்பாசடர்ல இடிக்குது. செவுத்த ஒரு அடி தள்ளுங்க" என்றார். தள்ளினோம். அளந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இரும்பு உத்திரம் போட்டுத் தூணில்லாமல் கூரை எழுப்பினோம். கதவுகள் வடக்கே பார்த்தன. எலி வயரைக் கடிக்கும் என்று வாசல்களில் தகரப் பட்டை அடித்தோம். அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, எண்ணெய் வழிந்தால் ஓடச் சாய்வான தரை. அவர் கேட்டதில் ஒன்றைக்கூட வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கராஜை ஒட்டி ஒரு சின்ன வீடு. அதுதான் முக்கியம் என்றார். குர்ஷித் வந்தால் இங்கேதான் குடித்தனம். கூடத்திலிருந்து பார்த்தால் ஐந்து வண்டியும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்றார்.

"அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா பாய்?"

"கேட்டேன். ஒங்க இஷ்டம்னுட்டா."

"அடுப்பு மேடை எம்புட்டு உயரத்துல போட? அவங்க என்ன உயரம் இருப்பாங்க?"

ஹெரால்டின் டயருக்கு எவ்வளவு காற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இதற்குக் கையைத் தன் தோள் வரைக்கும் உயர்த்தினார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி உயர்த்தினார். "எந்தோளுக்கு இருப்பா" என்றார். நான் வழக்கமான உயரத்தையே போட்டுவிட்டேன்.

சென்ற வருடம் நோன்புக்கு முன்னால் வேலை முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வண்டிகள் கிளம்பின. நான்கும் தாமாகவே ஓடிப்போயின. ஃபியட்டுக்கு டயர்கள் செத்துப்போயிருந்ததால், சோலைமுத்து கயிறு கட்டி முடுக்கிலிருந்து இழுத்தார். மாடி ஜன்னல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். பாய் தெருவிலிருந்தே போன் செய்தார். "குர்ஷித், எல்லாம் வெளிய போயிருச்சு. ஒண்ணுகூட இல்ல."

அந்த அம்மா வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுப் பூசைக்குப் போக விடாமல் பாய் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எங்கே எதற்கு எதை வைத்தோம் என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டுமாம்.

குர்ஷித் பேகம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "மாஷா அல்லா, நல்லாருக்கு" என்றார். கண்ணாடி வழியே வண்டிகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மறுபக்கத்து ஜன்னலுக்குப் போனார். சோளத்தட்டை அறுத்த காடு, அதற்கப்புறம் உடைமரங்கள்.

"பக்கத்துல யாரு இருக்காக?" என்று கேட்டார்.

"யாருமில்ல. ஒரு தொந்தரவும் கெடையாது" என்றார் பாய், பெருமையாக.

அவர் ஜன்னல் கதவைச் சாத்தினார். பாய் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பேகம்பூர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் பண்டங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் குர்ஷித் பேகம்.

அம்பாசடரில் போனோம். பாய் முன்வாசலில் நிறுத்தினார். அந்த அம்மா இறங்கி முன்வாசலுக்குப் போகாமல் முடுக்குப் பக்கம் திரும்பினார். ஃபியட் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் சருகும் கிடந்தன. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். உள்கட்டுக் கதவின் தாழ் துருவேறி இறுகியிருந்தது. பாய் உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டித் திறந்துவிட்டார். அந்த அம்மா முதலில் கேட்டது விளக்குமாறு. முடுக்கைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆரிபா என்கிற அம்மா எட்டிப் பார்த்தார்.

"குர்ஷித்தா?"

"நாந்தேன். வாங்க அக்கா, வண்டி போயிருச்சு."

பிற்பகல் அசர் தொழுகைக்குள் ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் குர்ஷித் பேகம் மகளுக்குப் போன் செய்தார். "நான் இங்கனயே இருக்கேன். பிள்ளைக்கு லீவு விட்டா கூட்டிட்டு வா." பாய் கிடங்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை. "சொன்னா சொன்னபடி வந்துட்டா பாத்தியா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புது வீட்டுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் போனது, பெருநாளும் போனது. புது வீட்டுக்குக் குர்ஷித் பேகம் வரவில்லை.

கூரையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது என்று பாய் கூப்பிட்டதால், மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம் மேட்டுக்காட்டுக்குப் போனேன். கராஜில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டிபன் கேரியர். வண்டிகள் பளபளவென்று இருந்தன. ஒழுகல் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும்.

"வீட்டுல நல்லாருக்காங்களா பாய்?"

"நல்லாருக்கா. ரொம்ப நல்லாருக்கா." டிபன் கேரியரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "போன மாசம் ஒரு நாளு அசர் முடிச்சு வீட்டுக்குப் போனேன். உள்ளுக்க பொம்பளைக பேசிக்கிட்டு இருந்தாக. குறுக்க போக முடியாதுல்ல, கெடங்குல உக்காந்துட்டேன். உள்ள ஒரு சிரிப்புச் சத்தம். அப்படி ஒரு சிரிப்பு. யாரு இதுன்னு பாத்தா, குர்ஷித்து. நாப்பது வருசம் ராயப்பா. அவ அப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"தெரியாத்தனமா இருமிட்டேன். அம்புட்டுத்தேன், சத்தமே இல்ல. செருப்பப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா போயிட்டாக. அவ வந்து பாத்துட்டு, 'வந்து நேரமாச்சா'ன்னா. கோவமெல்லாம் இல்ல. டீ போட்டுத் தந்துட்டுச் சொன்னா, 'முன்ன ஒங்களுக்கு யாவாரம் இருந்துச்சு. இப்ப நீங்க சும்மா உக்காந்திருக்கீகன்னு தெரிஞ்சா அவுக வரமாட்டாக. செத்த நேரம் கழிச்சு வந்தா என்ன'ன்னு. சரின்னேன். அதான் இப்ப காலையில சாப்ட்டுட்டு இங்க வந்துர்றது. மதியத்துக்குக் கட்டிக் குடுத்துருவா. ராத்திரி இஷா தொழுதுட்டு வீட்டுக்குப் போவேன்."

"நீங்க வீட்டுல இருக்கணும்னு சொல்லிருக்கலாமே பாய்."

"என்னன்னு சொல்ல? மறுபடி சென்னைக்குப் போன்னு சொல்லவா?"

மேகம் கட்டியிருந்தது. எனக்கு வேடசந்தூரில் ஒரு தளம் போடுகிற வேலை, மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அளவு நாடாவை எடுத்துப் பையில் போட்டேன்.

"வண்டி வெளிய போகட்டும்னுதான் அவ சொன்னா" என்றார் பாய். "நானும் போகணும்னு அவளுக்கே அப்பத் தெரியாது."

எழுந்து உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். துண்டால் அதைத் தட்டித் துடைத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வண்டிகளைப் பார்த்தாற்போல் போட்டார்.

"இஷாவுக்கு இன்னும் நேரம் கெடக்கு. செத்த உக்காந்துட்டுப் போ ராயப்பா" என்றார்.