துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் இந்த ஊரில் பெரியவர்களெல்லாம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். டென்மார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை பார்க்கிறேன். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்த நர்ஸ், குழாய் பழுது பார்க்க வந்தவர், அலுவலகத்துப் பெண் என்று எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிவப்பும் வெள்ளையுமான தாள்களை நறுக்குகிறார்கள். இதற்கு யூலெக்லிப் என்று பெயர். இரண்டு நிறத் தாள்களையும் பாய் முடைவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பின்னினால் இதய வடிவில் ஒரு சிறு கூடை வரும். அதற்குள் பெபனோடர் என்கிற கோலிக்குண்டு அளவு பிஸ்கட்டுகளைப் போட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள். முதல் வருடம் இதைப் பார்த்தபோது, கைவேலைப் பீரியட் நடக்கிற வகுப்புக்குள் தெரியாமல் வந்துவிட்டவன்போல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தென்காசியில் நாங்கள் செய்ததெல்லாம் தெருவுக்காக. மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, கலர்த் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற உயரத்தில் ஸ்டார் தொங்கும். இங்கே எல்லாம் உள்முகமாக இருக்கிறது. செய்கிறவர்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஐந்து வருடத்தில் இது எனக்கும் பழகி, பின்னவும் கற்றுக்கொண்டேன்.

போன வருடம் நான் அந்த மேசையில் உட்காரவில்லை. அக்டோபரில் அம்மா இறந்துபோயிருந்தாள்.

மெட்டெ என்னோடு சமையலறையில் வேலை பார்ப்பவள். ஐம்பது வயதிருக்கும். நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து அருகே வந்து, "உன் மதத்தில் இது கூடாதென்றால் செய்ய வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்" என்றாள். ஆறாவது வருடமும் என்னை இந்து என்றே நினைத்திருக்கிறாள். நான் கிறிஸ்தவன்தான் என்றேன். "பிறகு ஏன்?" என்றாள். துக்கத்துக்கு டேனிஷில் ஒரு சொல் உண்டு. எழுத்தைக் கூட்டி வாசிப்பதுபோல் அதை "ஸோர்க்" என்று சொன்னேன். அந்த 'க்' வாயில் வரக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. அவள் காதில் அது கறுப்பு என்பதற்கான "ஸோர்ட்" ஆக விழுந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். பெட்டியைக் கிளறி ஒரு கறுப்புத் தாளை எடுத்து வந்து, "இந்த நிறத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. உனக்குப் பிடித்தால் செய்" என்று நீட்டினாள்.

நான் அந்தத் தாளை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றேன். பிறகு போனைத் திறந்து, தம்பி அனுப்பிய ஒரே படத்தைக் காட்டினேன். சவப்பெட்டிக்குள் அம்மா, வெள்ளைச் சேலையில், கையில் ஜெபமாலையோடு. மெட்டெ தாளைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா இறந்தபோது என் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது வருவதற்குள் கிளம்பினால் திரும்ப நுழைவது நிச்சயமில்லை என்றார்கள். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததுதான் என் தப்பு. ஊரில் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தைப் போனில் காட்டுகிறேன் என்று தம்பி ஜெபா சொல்லியிருந்தான். படம் விட்டுவிட்டு வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் அறுந்துபோனது. மறுநாள் கூப்பிட்டேன்.

"பெட்டிய மூடவிடாம முக்கா மணி நேரம் போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்ணே. எல்லாரும் என்னயத்தான் ஏசுதாவ. ஒனக்கு வேல பெருசு. இருந்துக்கோ. இனிமே எனக்குப் போன் போடாத" என்றான்.

அதன்பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் போடுவதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. நானும் அப்படியே இருப்பது என்று முடிவு செய்தேன். அடக்கத்துக்குப் போகாதவனுக்கு இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றிருந்தது. ஆனால் என் வேலையே சமையலறையில். டிசம்பர் முழுவதும் அறுபது பேருக்குப் பலகாரம் செய்ய வேண்டும். மாவில் வெண்ணெயும் ஏலமும் இஞ்சியும் வெள்ளை மிளகும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, தட்டுத் தட்டாக அடுப்புக்குள் தள்ளினேன். கையால் செய்யலாம், வாயில் போடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ருசி பார்க்கும் வேலையை மெட்டெயிடம் விட்டேன். அவள் ஒவ்வொரு முறையும் மென்றுகொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒருநாள் உருண்டை பிடித்துக்கொண்டே அவளுக்கு அப்பா இறந்த வருடத்தைச் சொன்னேன். அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். அந்த டிசம்பரில் எங்கள் வீடு இருட்டாகக் கிடந்தது. அடுத்த வீடு போலீஸ் ஏட்டையா வீடு. அவர் மனைவி சங்கரி அக்கா ஒருநாள் மத்தியானம் வந்து எங்கள் பரணிலிருந்து பழைய ஸ்டாரை இறக்கச் சொன்னாள். அம்மா பதறிவிட்டாள்.

"ஒங்க வீட்டுலதான மதினி போடக் கூடாது? எங்க வீட்டுல தொங்கட்டும்" என்றாள் சங்கரி அக்கா.

அன்று சாயங்காலம் பாட்டுக் குழுவினர் வந்தார்கள். ஸ்டார் எரிகிற வீட்டைத் தேடி வந்தவர்கள் ஏட்டையா வீட்டு முன்னால் நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஈரத் தலையும் கறுப்பு வேட்டியுமாக அந்த ஸ்டாருக்குக் கீழே, பாட்டு முடிகிறவரை கைகூப்பி நின்றார். மறுநாள் சங்கரி அக்கா ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டு வந்தாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து அவள் முதன்முதலாகச் செய்தது. மூன்று மூன்றாக ஒட்டியிருக்க வேண்டிய உருண்டைகள் எண்ணெயில் பிரிந்து ஒற்றை ஒற்றையாகக் கிடந்தன.

"ஏட்டி சங்கரி, முந்திரி இருக்கு, கொத்த எங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மெட்டெ கையைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு நேர்மாறு" என்றாள். அவள் கணவர் எரிக் நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன் ஒரு டிசம்பரில் இறந்துபோனாராம். "அந்த வருடம் வீடு முழுக்கத் தாள் இதயங்களைப் பின்னித் தொங்கவிட்டேன். கையைச் சும்மா வைத்திருந்தால் செத்திருப்பேன்." அவள் சொன்னது எனக்கு விசித்திரமாகவும் இருந்தது, நியாயமாகவும் இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி வேலை முடிந்து கோட்டு மாட்டும்போது என் கையில் ஒரு தகர டப்பாவைத் திணித்தாள். உள்ளே வளையம் வளையமாக வெண்ணெய் பிஸ்கட். "இது நீ செய்ததில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்தது. உங்கள் சட்டப்படி சாப்பிடலாம் இல்லையா?" என்றாள். அவள் வீடு என் வீட்டிலிருந்து பதினோரு பஸ் நிறுத்தம். அங்கேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அந்த டிசம்பரில் நான் தின்ற முதல் இனிப்பு. மென்றபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பகலில் எரிக்கின் கல்லறைக்குப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டாள். பண்டிகைக்கு முந்தின நாள் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கல்லறைக்குப் போகிறார்கள். மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. பைன் கிளைகளைத் தரையில் பரப்பி, கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள் மெட்டெ. அப்போது என் போன் அடித்தது. ஜெபா.

"எங்கனண்ணே நிக்க?" என்றான்.

"கல்லறைத் தோட்டத்துல."

"அங்கன யாரு இருக்கா நமக்கு?"

"கூட வேல பாக்கவங்க வீட்டுக்காரரு."

"நானும் அம்மாகிட்டதான் நிக்கேன். தூத்தலா விழுது. மெழுகுவத்தி நிக்க மாட்டேங்குது. நாலு தடவ ஏத்திட்டேன்." மறுபடி தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. "என்னால முடியலண்ணே. நீ அங்கன ஒண்ணு ஏத்தேன்."

மெட்டெக்கு எதுவும் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "அம்மாவுக்கு" என்று மட்டும் சொன்னேன். குனிந்து, எரிக்கின் கிளைகளைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டாள். பையிலிருந்து இன்னொரு கூண்டை எடுத்துக் கொடுத்தாள். ஏற்றினேன். வீடியோவைப் போட்டு, போனை அதன் பக்கம் திருப்பினேன்.

"கல்லுல என்னமோ எழுதிருக்கே, என்னதுண்ணே?" என்றான் ஜெபா.

"அவரு பேரு. எரிக்."

"சரி. அம்மா தனியா இல்ல, பக்கத்துல ஆளு இருக்கு" என்றவன், தன் போனில் டார்ச்சைப் போட்டு அம்மாவின் பக்கம் திருப்பினான். ஈர மண்ணில் நட்ட மரச் சிலுவையில் அம்மாவின் பெயர் இருந்தது, அதன் முன்னால் விளக்கு இல்லை. என் முன்னால் அம்மாவின் விளக்கு ஆடாமல் எரிந்தது, கல்லில் அவள் பெயர் இல்லை. கையுறை கழற்றிய கை விறைக்க, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன்.